புள்ளிக்கோடு என்றால் ரிவர்ஸ்

என் அம்மா உட்காரும் இடத்திலெல்லாம் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. பதினாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே ஊரில் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பது அவளுடைய கணக்கு. காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் இவள் மிதிப்பாள். வீட்டில் நான் பால் பாத்திரத்தைச் சமையல் மேடை விளிம்பில் வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தரையை ஒரு மிதி. அவளுடைய செருப்புகளில் எப்போதும் வலது கால் செருப்புதான் முதலில் தேயும்.

பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று காலை பஸ்ஸில் அந்தக் கால் ஓயவே இல்லை.

"கேள்வி கேட்டா உடனே பதில் சொல்லிடாத. முதல்ல கண்ணாடியைப் பாரு" என்றாள்.

"இன்டர்வியூ ரூம்ல எதும்மா கண்ணாடி?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. முன்ன பின்ன பார்த்துப் பேசுன்னு அர்த்தம். உனக்குத்தான் வாய் ஒரு பக்கம் போனா மூளை ஒரு பக்கம் போகுமே."

உயிரியல் துறையில் ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. சேர்ந்த யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று போய்விட்ட இடம். அதற்கு நான்கு பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டியலில் நான் நான்காவது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் வரவேற்பு மேஜையில் இருந்த அக்கா வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த நாற்காலிக்கு முதலாளி என்னைக் கேட்டிருந்தார். அன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

அந்த நாற்காலியை எனக்கு நன்றாகவே தெரியும். லீவு நாட்களில் எல்லாம் அதற்குப் பக்கத்து ஸ்டூலில்தான் எனக்கு வேலை. பயிற்சி முடிந்து வந்ததும் அம்மா அன்றைய கூத்தைச் சொல்லுவாள், நான் ஒரு தாளில் வரைவேன். வண்டி முன்னால் போனதற்கு முழுக்கோடு, ரிவர்ஸ் எடுத்ததற்குப் புள்ளிக்கோடு, இடித்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுநாள் அந்த ஆள் வந்ததும் தாளைக் கையில் கொடுத்து, "பாருங்க, நேத்து நீங்க பண்ணின அழகு" என்பாள் அம்மா. ஐந்தாறு வருஷத்தில் ஆயிரம் தாளாவது வரைந்திருப்பேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் இடித்ததை வரைந்துகொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

உயிரியல் மேல் எனக்கு ஏன் இந்த வெறி என்று கேட்டால், முக்கியக் காரணம் ஒரு மஞ்சள் துணி. எங்கள் பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப். அதைக் கண்ணாடி அலமாரியில், மஞ்சள் துணி போர்த்தி, பூட்டி வைத்திருப்பார்கள். மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் துணியை எடுப்பார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் மறுபடி போர்த்திவிடுவார்கள். ஆனால் பரீட்சையில் "மைக்ராஸ்கோப்பில் நீ கண்டதை வரைந்து பாகங்களைக் குறி" என்று தவறாமல் கேள்வி வரும். புத்தகப் படத்தை மனப்பாடம் செய்து நானும் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட எதையும் கண்டதில்லை.

நேர்காணல் நடந்தது துறையின் ஆய்வகத்தில். நீளமான அறை, ஒரு பக்கம் ஜன்னல்கள், கழுவிக் கழுவி வெளுத்துப்போன மேஜைகள். கதவின் மேல்பாதி முழுக்கக் கண்ணாடி. அதற்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, அதில் என் அம்மா. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தபோது, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காரில் உட்கார்ந்திருப்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ஒரு மைக்ராஸ்கோப். துணி போர்த்தாத மைக்ராஸ்கோப்.

அறைக் கோடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறைத்தலைவர் மேடம், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் சட்டைப் பையில் நாலு பேனா குத்தியிருந்த ஒரு சார். மேடம் எழுந்து வந்து பேசினார்.

"தோட்டத்துத் தொட்டியில எடுத்த தண்ணி, ஆளுக்கு ஒரு சொட்டு வெச்சிருக்கு. அரை மணி நேரம் இருக்கு. என்ன தெரியுதோ அதை வரைஞ்சு பேர் எழுதுங்க. என்ன தெரியணுமோ அது இல்ல. என்ன தெரியுதோ அது."

குனிந்து கண்ணை வைத்தேன். கறுப்பாகக் குச்சி குச்சியாக ஏதோ தெரிந்தது. ஆகா, இதுதான் போலிருக்கிறது என்று பென்சிலை எடுத்தேன். கண்ணை இமைத்தேன், குச்சிகளும் இமைத்தன. என் சொந்த இமை முடியை வரைந்து மானத்தை இழக்க இருந்தேன். ஆய்வக உதவியாளர் அண்ணா ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தள்ளி வைம்மா கண்ணை. இந்தத் திருகை மெதுவா, ரொம்ப மெதுவாத் திருப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பினேன். முதலில் வெறும் வெளிச்சம். அப்புறம் வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு ஊரே எழுந்து வந்தது.

எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. பச்சை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. ஒவ்வொரு நூலுக்குள்ளும் பச்சை மணிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கண்ணாடிச் சில்லு போல ஏதோ ஒன்று தன்பாட்டுக்கு நகர்ந்து போயிற்று. நாங்கள் முகம் கழுவுகிற, தரை துடைக்கிற, கவனிக்காமல் கீழே கொட்டுகிற தண்ணீர் இது. இத்தனையும் அதற்குள் இருந்துகொண்டிருந்திருக்கிறது, நான் பிறந்த நாளிலிருந்து, எனக்கு முன்னாலும். சொன்னால் நம்பமாட்டீர்கள், பரீட்சை நடக்கிறது என்பதே மறந்து எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன்.

நடுவில் ஒரு பெரிய வட்டம். அவ்வளவு சுத்தமான வட்டத்தை நான் பார்த்ததே இல்லை. தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே ஒளி. மற்றதெல்லாம் அசைந்துகொண்டிருக்க, அது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சொட்டுக்கே அதுதான் ராணி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பக்கவாட்டிலிருந்து நீள்வட்டமாக, செருப்பின் அடித்தட்டு வடிவத்தில் ஒரு சின்ன உயிர் சுழன்று சுழன்று நீந்தி வந்தது. நேராக வந்து வட்டத்தில் முட்டியது.

முட்டியதும் ரிவர்ஸ் எடுத்தது.

கொஞ்சம் பின்னால் போய், நின்று, லேசாகத் திரும்பி, மறுபடி முன்னால் வந்தது. மறுபடி முட்டல். மறுபடி ரிவர்ஸ், திருப்பம், முன்னால். நான்காவது முறை வட்டத்தை உரசாமல் தாண்டிப் போய்விட்டது. சற்று நேரத்தில் எங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. என் கை தன்னால் வேலை செய்ய ஆரம்பித்தது. முழுக்கோடு, பெருக்கல் குறி, புள்ளிக்கோடு, முழுக்கோடு. பக்கத்திலிருந்த பெண் பத்தே நிமிஷத்தில் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே அச்சு அசலாக ஒரு படத்தை முடித்து, அடிக்கோல் வைத்துப் பெயர்களும் எழுதிவிட்டாள். நான் முட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது இருபத்து மூன்று. அவசர அவசரமாக வட்டத்தின் மேல் 'பெரிய உயிர்' என்றும் மற்றதன் மேல் 'சின்ன உயிர்' என்றும் எழுதித் தாளைக் கொடுத்தேன்.

மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராகப் பேசிவிட்டு வெளியே போனார்கள். கடைசியாக என் முறை வந்தது.

பேனா சார் என் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "இது எந்த ஊருக்குப் போற வழிம்மா?"

நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"இந்தப் பெரிய உயிர்னு போட்டிருக்கியே, இது என்ன தெரியுமா? காத்துக்குமிழி. மேல மூடற கண்ணாடியை அவசரமா வெச்சா உள்ள காத்து மாட்டிக்கும். அதைப் போய் உயிர்ங்கறியே!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கண்ணாடியை வைத்த உதவியாளர் அண்ணா சட்டென்று கூரையை ஆராய ஆரம்பித்தார்.

எனக்குக் காது வரை சூடேறியது. காணாமல் பத்துக்குப் பத்து வாங்கியவள், முதன்முதலாகக் கண்டு முட்டை வாங்கப் போகிறேன். வரவேற்பு மேஜையும் நாற்காலியும் கண் முன்னால் வந்து நின்றன.

மேடம் சிரிக்கவில்லை. ஒரு ரப்பரை எடுத்து மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார். "மார்க் ஷீட்ல காத்துக்குமிழிக்கு இடம் கிடையாது. அஞ்சு நிமிஷம் தர்றேன். அழிச்சுட்டு, உயிருள்ளதை மட்டும் வரையணும்னா வரையுங்க."

ரப்பரைக் கையில் எடுத்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். நான் ரப்பர் எடுத்ததைப் பார்த்துவிட்டாள். அவளுடைய வலது கால் முன்னால் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மூன்று பேர் சேர்ந்தாலும் அந்தக் காலை எடுத்திருக்க முடியாது.

ரப்பரைத் தாளில் வைக்காமல் நானும் நின்றேன். தாளைப் பார்த்தேன். வட்டத்தை அழித்தால் என்ன மிஞ்சும்? இருபத்து மூன்று பெருக்கல் குறிகள் வெறும் இடத்தில் தொங்கும். 'பெரிய உயிர்' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் அழித்தேன். துகளை ஊதிவிட்டு ரப்பரைத் திருப்பி வைத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் மேடம்.

"பார்த்தது நிஜம் மேடம். பேர்தான் தப்பு. அதை அழிச்சுட்டேன். குமிழியையும் அழிச்சுட்டா, சின்னது எதுல முட்டித் திரும்புச்சுன்னு தெரியாமப் போயிடும்."

மேடம் கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "திரும்புச்சா? இந்தக் கோடெல்லாம் அதுதானா?"

"முழுக்கோடுன்னா முன்னால போனது. பெருக்கல் போட்ட இடத்துல முட்டுச்சு. புள்ளிக்கோடுன்னா ரிவர்ஸ்."

"எத்தனை தடவை?"

"இருபத்து மூணு மேடம். திரும்பின பக்கம் ஒவ்வொரு தடவையும் வேற வேற. ஆனா ரிவர்ஸ் எடுக்காம ஒரு தடவைகூடத் திரும்பல. எங்க அம்மா டிரைவிங் கத்துக் குடுக்கறாங்க. அவங்ககிட்ட வர்றவங்களுக்கு இந்த அளவுக்கு வர்றதுக்கு ஒரு மாசமாகும்."

பேனா சார் சிரிப்பை நிறுத்தியிருந்தார். மேடம் எழுந்து போய் என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். சொட்டு காய்ந்துவிடாமல் உதவியாளர் அண்ணா ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தார். மேடம் வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு குனிந்தபடியே பேசினார்.

"இதுக்கு மூளை கிடையாது. கண்ணு, நரம்பு எதுவும் கிடையாது. மொத்த உடம்புமே ஒரே ஒரு செல். வெளியில சுத்தி ஆயிரக்கணக்குல பொடி முடி, அதுதான் துடுப்பு. மூக்குல பட்டதும் அத்தனை முடியும் ஒரே நேரத்துல துழாவற திசையை மாத்துது. எப்படி மாத்தும்?"

வாய் உடனே திறக்கப் பார்த்தது. முன்ன பின்ன பார்த்துப் பேசு. மூடிக்கொண்டேன். ஆயிரம் துடுப்பு. சொல்வதற்கு உள்ளே யாரும் இல்லை. அப்படியென்றால் எது சொல்லும்?

"எல்லா முடிக்கும் பொதுவா எது இருக்கோ, அது வழியாத்தான் சேதி போகணும்" என்றேன்.

"எது பொது?"

"தோல் மேடம். எல்லா முடியும் அதுலதான இருக்கு. மூக்குல பட்டது தோல் முழுக்கத் தெரிஞ்சிருக்கணும்."

மேடம் நிமிர்ந்தார். "தோல்தான். அதுல ஒரு சின்ன மின்சாரம் ஓடுது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள உடம்பு முழுக்கப் போயிடும்."

என் இரண்டு கையிலும் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அந்தத் துளியூண்டுக்குள் மின்சாரம். நான் எண்ணிய ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் அது ஓடியிருக்கிறது, இருபத்து மூன்று தடவை என் கண் முன்னால் ஓடியிருக்கிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்புறம், ரிவர்ஸ் போதும், இனி முன்னால போகலாம்னு அதுக்கு யாரு சொல்றது?"

"கொஞ்சம் தெரியும். நிறையத் தெரியாது" என்றார் மேடம். தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒரு பெரிய மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரியாததற்கெல்லாம் என்னைத்தான் திட்டுவார்கள்.

பேனா சார் மெதுவாக, "படத்துக்குப் பேர் தப்பா எழுதினது..." என்று மார்க் ஷீட்டைக் காட்டினார்.

"கழிச்சுக்கோங்க. தப்பு தப்புதான்" என்ற மேடம் என்னிடம், "நாலரைக்குச் சொல்றோம். வெளியில உட்காருங்க" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ரப்பர் எதுக்குடி எடுத்த? என்னத்தை அழிச்ச?"

"காத்துக்குமிழியை உயிர்னு எழுதித் தொலைச்சுட்டேன்."

அம்மா பெஞ்சில் நகர்ந்தாள். பக்கத்தில் இடம்விட்டாள், உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "முதலாளி ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு" என்றாள்.

"என்ன சொன்ன?"

"எடுக்கல. வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது போனை எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றவ நான்."

"நீ பெஞ்சுலதானம்மா உட்கார்ந்திருந்த?"

"நீ ஓடிக்கிட்டிருந்தியே" என்றாள்.

நான் அந்தச் சின்ன உயிரைப் பற்றி மளமளவென்று சொல்ல ஆரம்பித்தேன். மூளை இல்லை, கண் இல்லை, முட்டினால் ரிவர்ஸ் எடுக்கும், திரும்பும், போகும் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணே இல்லாம ரிவர்ஸா? கண்ணு ரெண்டும் நல்லா இருக்கறவனே கம்பத்துல போய் இடிக்கறான். என்கிட்டயே கதை விடறியா?"

மணி நாலரை ஆயிற்று. கேன்டீனுக்குப் போயிருந்த மற்ற மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தும் எனக்கு எதுவும் புரியவில்லை. கடைசியாக உதவியாளர் அண்ணா கதவைத் திறந்தார்.

"வாம்மா. உங்க அம்மாவையும் வரச் சொன்னாங்க."

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வரும்போதே மன்னிப்புக் கேட்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டாள். மேடம் அவளை நேராக என் மைக்ராஸ்கோப் முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

"நீங்கதான டிரைவிங் டீச்சர்? உள்ள நீந்தறாரே, இவர் ரிவர்ஸ் எடுக்கறது சரியான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அம்மா குனிந்தாள். "குச்சி குச்சியாத்தான் தெரியுது மேடம்."

"அது உன் இமை முடிம்மா. கொஞ்சம் தள்ளி வை கண்ணை" என்றேன். திருகை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பினேன்.

அம்மா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பேச்சுக்கு இடைவெளியே விடாத என் அம்மா, இரண்டு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று மேஜைக்கடியில் அவள் வலது கால் தரையில் படாரென்று இறங்கியது.

"முட்டிடுச்சு!" என்றாள். "ஐயோ... எடுக்குதுடி, ரிவர்ஸ் எடுக்குது. திரும்புது. அட, போயிடுச்சே!" குரல் தழுதழுத்தது. "யாருங்க மேடம் இதுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"இதே கேள்வியைத்தான் உங்க பொண்ணும் கேட்டா" என்றார் மேடம். "பதில் முழுசா எங்ககிட்டயும் இல்ல. தேடறதுக்கு ஆள் வேணும். திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது. அனுப்பி வைங்க."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் கைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் எடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"அனுப்பறேன் மேடம்" என்றாள், குனிந்தபடியே. "ஒரு நிமிஷம் இருங்க. மறுபடியும் நேரா குமிழிக்குத்தான் வருது."

நான் மேஜைக்கடியில் அவளுடைய காலைப் பார்த்தேன். பெருவிரலை ஊன்றி, குதிகாலைத் தூக்கித் தயாராக வைத்திருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. அம்மா குதிகாலை மெல்லத் தரையில் இறக்கி, காலைப் பின்னால் இழுத்து நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"போகட்டும்" என்றாள். "அதுக்குத்தான் ரிவர்ஸ் தெரியுமே."